ரிப்போர்ட்டில் ஆயுளைத் தேடுகிறவர்களுக்கு

அரசு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் தெருவில் யாருக்கு லேப் ரிப்போர்ட் வந்தாலும் டாக்டரிடம் போகும் வழியில் என் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டுத்தான் போகும். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு என்றால் இரண்டு வார்த்தையில் முடிந்துவிடும். கொஞ்ச காலமாக வேறொரு கேள்வி வரத் தொடங்கியிருக்கிறது. புற்றுநோய் வந்த வீட்டுப் பிள்ளைகள் கேட்கிற கேள்வி. நோய் என்ன, ஸ்டேஜ் என்ன என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. "இந்த நம்பரை வச்சு அப்பா எவ்வளவு நாள் இருப்பார்னு சொல்ல முடியுமா?" என்கிறார்கள்.

என் தங்கை மகனும் அப்படித்தான் வந்தான். அவன் அப்பாவுக்கு, அதாவது எங்கள் மாப்பிள்ளைக்கு, இரைப்பையில் புற்று. எண்டோஸ்கோப்பியில் பார்த்து, சதை எடுத்து, பயாப்ஸியில் உறுதியாகி, முதலில் கீமோ, அப்புறம் ஆபரேஷன், மறுபடியும் கீமோ என்று டாக்டர்கள் முடிவெடுத்திருந்தார்கள். பையன் படித்தவன். செல்போனில் ரிப்போர்ட்டைத் திறந்து, கணக்கும் போட்டு வைத்திருந்தான்.

"மாமா, நியூட்ரோஃபில் 82, லிம்போசைட் 12. வகுத்தா கிட்டத்தட்ட ஏழு வருது. மூணைத் தாண்டினாலே மோசம்னு போட்டிருக்கான். அம்மாகிட்ட இன்னும் சொல்லலை."

அவன் போட்டது வீண் கணக்கு இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரைப்பைப் புற்றுநோய் மிகுதியாக உள்ள ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளில், சாதாரண ரத்தப் பரிசோதனையில் கிடைக்கும் இந்த இரண்டு எண்களின் விகிதத்தை ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். சிகிச்சைக்கு முன்பே விகிதம் கூடியிருந்த நோயாளிகள், மொத்தக் கூட்டமாக எடுத்துப் பார்க்கும்போது, மற்றவர்களைவிடக் குறைந்த காலமே வாழ்ந்திருக்கிறார்கள். அது உண்மை.

அதற்குக் காரணமும் உண்டு. புற்றுக் கட்டி உடம்பில் ஓயாத ஓர் அழற்சியைக் கிளப்பி வைத்திருக்கிறது. கட்டிகளுக்குள் வெள்ளை அணுக்கள் திரண்டிருப்பதை ஜெர்மானிய மருத்துவர் விர்ஷோ 1863ஆம் ஆண்டிலேயே கவனித்தார். கட்டி அனுப்பும் சமிக்ஞைகளால் எலும்பு மஜ்ஜை நியூட்ரோஃபில்களை அதிகமாக உற்பத்தி செய்கிறது. கிருமி வந்தால் ஓடிப்போய் அழிக்கிற அதே அணுக்கள், புற்றைச் சுற்றி நிற்கும்போது புது ரத்தக் குழாய்கள் முளைக்கவும் கட்டி பரவவும் துணைபோகின்றன. லிம்போசைட்டுகள்தாம் புற்றுச் செல்லை இனங்கண்டு கொல்லக்கூடியவை. முதலாவது ஏறி இரண்டாவது இறங்கினால், உடம்பின் எதிர்ப்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள். விகிதம் என்று போடுவது இந்த நிலவரத்தைத்தான்.

நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்த எண்களை மெஷின் தரவில்லை. ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடின் ஓரத்தில் வைத்து, இன்னொரு ஸ்லைடின் விளிம்பால் ஒரே இழுப்பில் மெல்லியதாகப் பரப்ப வேண்டும். காய்ந்ததும் லீஷ்மன் சாயம். இரண்டு நிமிடம் கழித்து அதன்மேல் இரண்டு பங்கு பஃபர் தண்ணீர். இன்னும் ஒரு பத்து நிமிடம் விட்டுக் கழுவி நிறுத்தி வைத்தால் ஸ்லைடு இளம் ஊதாவாகத் தெரியும். ஒரு துளி எண்ணெய் விட்டு லென்ஸை இறக்கினால் ஒவ்வோர் அணுவும் தன் அடையாளத்தோடு வரும். நியூட்ரோஃபிலின் உட்கரு மூன்று நான்கு துண்டாகப் பிரிந்து மெல்லிய இழையால் இணைந்திருக்கும். லிம்போசைட்டின் உட்கரு உருண்டையாக, கருநீலத்தில், செல் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும். ஸ்லைடை நகர்த்தி நகர்த்தி 100 வெள்ளை அணுக்களை எண்ணி, எந்த வகை எத்தனை என்று எழுதுவோம். உண்மையில் லிம்போசைட் 20 இருந்தாலும், 100 எண்ணுகிறபோது ஒருவருக்கு 16 வரலாம், பக்கத்து மேஜைக்காரருக்கு 25 வரலாம். இரண்டு பேரும் ஒழுங்காகத்தான் எண்ணியிருப்பார்கள். கையால் எண்ணிப் பழகியவர்களுக்கு ஒரு எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது தெரியும்.

இப்போது மெஷின் ஆயிரக்கணக்கில் எண்ணுகிறது. அந்த ஏற்ற இறக்கம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் அந்த ரத்தத்துக்குச் சொந்தக்காரர் முந்தின நாள் எப்படி இருந்தார் என்பது மெஷினுக்குத் தெரியாது. அதனால் பையனிடம் கேட்டேன்.

"ரத்தம் எடுத்ததுக்கு முன்னாடி நாள் ராத்திரி அப்பாவுக்குப் புதுசா மாத்திரை எதுவும் குடுத்தீங்களா?"

"ஆமா மாமா. மறுநாள் கீமோ. அலர்ஜி, வாந்தி வராம இருக்கன்னு ஒரு சின்ன மாத்திரை குடுக்கச் சொன்னாங்க."

டெக்சாமெத்தசோன். ஸ்டீராய்டு. அது உள்ளே போன சில மணி நேரத்திலேயே, ரத்தக் குழாயின் சுவரை ஒட்டிக்கொண்டிருக்கும் நியூட்ரோஃபில்கள் விடுபட்டு ஓட்டத்தில் கலந்துவிடும். மஜ்ஜையும் இன்னும் கொஞ்சம் அனுப்பும். லிம்போசைட்டுகளோ ரத்தத்தை விட்டு வேறு இடங்களுக்குப் போய்விடும். மறுநாள் காலையில் ரத்தம் எடுத்தால் யாருக்குமே விகிதம் ஏறித்தான் இருக்கும். ஃபைலின் அடியில் கிடந்த ரிப்போர்ட்டைத் தேடி எடுக்கச் சொன்னேன். எந்தச் சிகிச்சையும் தொடங்காத நாளில் எடுத்தது. நியூட்ரோஃபில் 66, லிம்போசைட் 25. அவனே வகுத்துப் பார்த்தான். இரண்டே முக்கால்கூட வரவில்லை. "இதையும் வரம்னு எடுத்துக்காதப்பா. அந்த ஏழும் சாபமில்லை" என்றேன்.

சொத்தைப் பல்லில் சீழ் வைத்திருந்தாலும் விகிதம் ஏறும். நெஞ்சில் சளி கட்டியிருந்தாலும் ஏறும். கீமோவில் கவுன்ட் இறங்கிவிட்டது என்று போடுகிற வளர்ச்சி ஊசி நியூட்ரோஃபிலை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தும். அது மட்டுமில்லை. மோசம் என்பது எந்த எண்ணிலிருந்து தொடங்குகிறது என்பதிலேயே ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. சிலர் 2 என்று வைத்திருக்கிறார்கள், சிலர் 5 என்று. சர்க்கரைக்கு இருப்பதுபோல எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லை இதற்கு இன்னும் வரவில்லை. இந்த நிலையில், ரிப்போர்ட்டை ஜாதகம்போல விரித்து வைத்துக்கொண்டு தசை முடிகிற வருஷத்தைத் தேடுவது பெற்றவருக்குச் செய்கிற நன்மை ஆகாது.

நான் பார்க்கச் சொல்வது ஆல்புமினை. கல்லீரல் உற்பத்தி செய்து ரத்தத்தில் விடுகிற புரதம் அது. 3.5க்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும். கட்டியால் அழற்சி இருக்கும்போது, கல்லீரல் ஆல்புமினைச் செய்வதைக் குறைத்துக்கொண்டு சிஆர்பி என்ற வேறொரு புரதத்தை மும்முரமாகச் செய்யத் தொடங்கும். ஆகவே ஒன்று இறங்க ஒன்று ஏறும். இந்த இரண்டையும் சேர்த்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் 2003ஆம் ஆண்டில் ஓர் அளவை வெளியிட்டார்கள். முதலில் நுரையீரல் புற்றுநோய்க்கு. பிறகு இரைப்பைப் புற்றுநோய் உள்பட பலவற்றுக்கும் அது பயன்பட்டது. சிஆர்பி 10க்கு மேல், ஆல்புமின் 3.5க்குக் கீழ் என்று இரண்டும் சேர்ந்து வந்தவர்களுக்கு நோயின் போக்கு கடுமையாக இருக்கிறது.

அதற்கு முன்பே, 1984ஆம் ஆண்டில், ஜப்பானில் ஓனோதெரா என்பவரும் அவருடன் இருந்தவர்களும் இன்னொரு கணக்கு சொன்னார்கள். ஆல்புமினைப் பத்தால் பெருக்க வேண்டும். ரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு எத்தனை லிம்போசைட் என்று பார்த்து அதை 0.005ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். ஆல்புமின் 3.2, லிம்போசைட் 1,400 என்றால் 32ம் 7ம் சேர்ந்து 39. மொத்தம் 45க்கு மேலிருந்தால் குடலை வெட்டி இணைக்கிற ஆபரேஷனைத் துணிந்து செய்யலாம். 40க்குக் கீழே என்றால் தையல் சரியாகச் சேராது, ஆபத்து, செய்ய வேண்டாம் என்பது அவர்கள் கண்டது. பின்னால் வந்தவர்கள் இதே கணக்கை ஆயுளைக் கணிக்கவும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அது பிறந்தது, இந்த மனிதரை இப்போதே மேஜையில் படுக்கவைக்கலாமா, உடம்பைத் தேற்றிவிட்டுப் படுக்கவைக்கலாமா என்ற கேள்விக்காக. எனக்கு அந்தக் கேள்விதான் பெரிதாகப் படுகிறது. ஏனென்றால் அதில் நாம் செய்வதற்கு வேலை இருக்கிறது. மிகவும் மெலிந்துபோன நோயாளிக்கு ஆபரேஷனைத் தள்ளிவைத்தாவது ஒன்றிரண்டு வாரம் ஊட்டம் கொடுக்க வேண்டும் என்பது இன்றைக்கும் மருத்துவர்கள் பின்பற்றுகிற வழி. 39ல் இருந்தவர், ஆல்புமின் 3.6க்கும் லிம்போசைட் 1,600க்கும் ஏறினால், 44க்கு வந்துவிடுவார். ஆல்புமின் உடம்பில் மெதுவாகத்தான் மாறும் என்பதால் இதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். சோறு மட்டும் போதாது, அழற்சியும் அடங்க வேண்டும்.

நம் வீடுகளில் நடப்பது நேர்மாறு. வயிற்றில் கேன்சர் என்று கேட்டதும் முதலில் முட்டையை நிறுத்துகிறார்கள். அடுத்து மீனை, பாலை. யாரோ சொன்னார்கள் என்று இனிப்பை அடியோடு விலக்குகிறார்கள். கடைசியில் அந்த மனிதருக்கு மிஞ்சுவது நீர்க் கஞ்சியும் இளநீரும். அவரும் வயிறு அடைத்தாற்போல் இருக்கிறது என்று நாலு வாயோடு தட்டைத் தள்ளிவிடுவார். இரைப்பைப் புற்றுநோயில் இரண்டு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிட்ட மாதிரி தோன்றும், அது நோயின் குணம். அதனால்தான் மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறேழு சின்ன வேளைகளாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். தங்கையிடம் நான் சொன்னது இதுதான்: "கஞ்சி குடு, வேண்டாங்கலை. அதுல பால் ஊத்திக் குடு. ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு முட்டை. அப்புறம் முள்ளு எடுத்த மீன். பருப்பைக் குழைய வேகவச்சு நெய் விட்டுக் குடு. வாரத்துக்கு ஒருநாள் அதே தராசுல நிறுத்து எழுதி வை. எடை இறங்கினா டாக்டர்கிட்ட சொல்லு." சாப்பாடு இறங்கவே இல்லை என்றால் குடலில் குழாய் வைத்து ஊட்டம் கொடுக்க வழி இருக்கிறது. குழாய் என்றதும் அழ வேண்டாம், கேட்டு வாங்குங்கள். மாப்பிள்ளையின் சமையலறைச் சுவர்க் காலண்டரில் இன்றைக்கும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்திலும் என் தங்கை கையெழுத்தில் ஒரு எடை இருக்கிறது. ரத்த ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன் நான் பார்ப்பது அதைத்தான்.

கேன்சர் மார்க்கர் என்று தனியாக எழுதிக் கொடுக்கிற டெஸ்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிஇஏ என்பதைக் கனடாவின் மான்ட்ரியாலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் 1965ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள், குடல் புற்றுநோயை ஆராயும்போது. பிறகு சிஏ 19-9 வந்தது. இரைப்பைப் புற்றுநோயில் இவை ஏறியிருந்தால் நோய் பரவியிருக்கலாம் என்ற எச்சரிக்கையாகவும், சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்புகிறதா என்று பார்க்கவும் உதவும். தொடக்க நிலையில் பெரும்பாலும் ஏறுவதில்லை. பீடி, சிகரெட் பிடிப்பவருக்குப் புற்று இல்லாமலே சிஇஏ கொஞ்சம் ஏறும். பித்தக் குழாய் அடைத்தால் சிஏ 19-9 ஏறும். பிறவியிலேயே ஒரு ரத்த வகைக் கூறு இல்லாத சிலருக்கு, புற்று முற்றினாலும் சிஏ 19-9 ஏறவே ஏறாது. "மார்க்கர் நார்மல்" என்று காகிதத்தைப் பார்த்து நிம்மதியாக வீட்டில் உட்கார்ந்துவிட்டவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை. மார்க்கர் டெஸ்ட் எண்டோஸ்கோப்பிக்கு மாற்று ஆகாது.

இத்தனை பேர் இத்தனை வருடம் இருந்தார்கள் என்ற கணக்கு எப்படி வருகிறது என்பதையும் நம் மக்கள் அறிய வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ஆம் ஆண்டில் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில், 1981ஆம் ஆண்டு முதல் சென்னை நகரத்துக்கான புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. சென்னை ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலம் முன்வரிசையில் இருப்பதை அந்தப் பதிவேடுதான் காட்டியது. பெயரை எழுதியதோடு அவர்கள் விட்டுவிடவில்லை. நோயாளி இருக்கிறாரா, இல்லையா, எப்படி இருக்கிறார் என்று கேட்டுப் பதில் அஞ்சலட்டை வைத்துக் கடிதம் போட்டார்கள். பதில் வராவிட்டால் தொலைபேசியில் கேட்டார்கள், வீடு தேடியும் போனார்கள். ஐந்து வருடத்துக்குப் பிறகு இத்தனை சதவீதம் என்று ஒரு வரி அச்சாவதற்குப் பின்னால் இவ்வளவு உழைப்பு இருக்கிறது. அதை மதிக்க வேண்டும். அதே நேரம், அந்த வரி ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பதில்களைக் கூட்டி எழுதியது என்பதையும் மறக்கக் கூடாது. அதில் முதல் மாதமே போனவரும் இருக்கிறார், இருபது வருடம் கழித்துப் பேரன் கல்யாணத்தைப் பார்த்தவரும் இருக்கிறார்.

அமெரிக்காவில் ஸ்டீஃபன் ஜே கூல்ட் என்று ஓர் உயிரியல் அறிஞர் இருந்தார். 1982ஆம் ஆண்டில் அவருக்கு வயிற்று உறையில் ஓர் அரிய புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. இரைப்பைப் புற்று அல்ல, வேறு வகை. அவர் நூலகத்துக்குப் போய்ப் படித்தார். கண்டுபிடித்த பின் நடுமதிப்பு எட்டு மாதம் என்று போட்டிருந்தது. நாற்பது வயது மனிதர், எப்படி இருந்திருக்கும்? ஆனால் எண்களோடு புழங்கியவர் என்பதால் நிதானமாக யோசித்தார். நடுமதிப்பு எட்டு மாதம் என்றால் பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார்கள். அந்தப் பாதியில் சிலர் வெகுகாலம் போயிருப்பார்கள். தனக்கு வயது குறைவு, நோயை ஓரளவு முன்னதாகவே கண்டுபிடித்தாகிவிட்டது, நல்ல சிகிச்சை கிடைக்கிறது. ஆகவே அந்த நீண்ட பக்கத்தில் தான் இருக்க வாய்ப்பு உண்டு என்று கணக்குப் போட்டார். 1985ஆம் ஆண்டில் அதை ஒரு கட்டுரையாகவும் எழுதினார். 2002ஆம் ஆண்டில் வேறொரு புற்றுநோயில் இறந்தார். இருபது வருடம். எல்லோருக்கும் இப்படி அமையும் என்று சொல்ல இதை எழுதவில்லை. நல்ல எண்கள் வைத்திருந்த ஒரு நண்பரை ஆபரேஷன் முடிந்த சில மாதங்களிலேயே நான் இழந்திருக்கிறேன். எட்டு மாதம் என்று படித்ததும் எட்டாவது மாதத்தோடு தன் வாழ்க்கையை நிறுத்திக்கொள்ளாமல், அந்த எண் யாரைப் பற்றியது என்று கேட்டாரே, அந்தக் கேள்வியை ஒவ்வொரு குடும்பமும் கேட்கலாம்.

கணிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வயது முதிர்ந்தவனாக எனக்கு அதன் அவசியம் தெரியும். பத்திரம் எழுத வேண்டும், மகள் கல்யாணத்தை முன்னால் வைக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டும், வெளிநாட்டிலிருக்கும் மகனை எப்போது வரச் சொல்வது என்று தெரிய வேண்டும். இதற்கெல்லாம் உண்மை வேண்டும். டாக்டரிடம் "எத்தனை நாள்?" என்று ஒற்றை எண்ணைக் கேட்காதீர்கள். "நல்லபடியாகப் போனால் எவ்வளவு, பெரும்பாலும் எவ்வளவு, மோசமானால் எவ்வளவு?" என்று மூன்றையும் கேளுங்கள். ஸ்டேஜ் என்ன, கட்டியை முழுதாக எடுக்க முடிந்ததா, நிணநீர்க் கணுக்களில் எத்தனையில் இருந்தது என்று கேளுங்கள். ரத்த எண்கள் எல்லாம் இவற்றுக்குப் பின்னால் துணையாக வருகிறவை.

இன்னொன்று. இந்தப் பேச்சை எல்லாம் நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டுப் பேசாதீர்கள். "அப்பாகிட்ட சொல்லாதீங்க டாக்டர்" என்பது நம் ஊரில் பாசத்தில் வருகிற வார்த்தை. நாற்பது வருடம் ஒரு குடும்பத்தை நடத்தியவருக்குத் தன் உடம்பில் நடப்பது தெரியாமலா இருக்கும்? தங்கை மகனிடம் இதையும் சொன்னேன். இரண்டு நாள் யோசித்து, அப்பாவிடம் பேசினான். மாப்பிள்ளை அமைதியாகக் கேட்டுவிட்டு, நிலத்தின் பட்டாவில் நிற்கிற பழைய பெயரை மாற்றுவதற்கு யாரைப் பார்க்க வேண்டும் என்றுதான் விசாரித்தாராம். ஆபரேஷன் முடிந்து இப்போது மிச்சமுள்ள கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது.

ரத்த எண்களில் எது ஒரு மனிதரின் முடிவை மாற்றக்கூடியது என்று என்னைக் கேட்டால், நோய் தெரிவதற்கு முன்பே வருகிற ஹீமோகுளோபின் என்பேன். இரைப்பைக் கட்டி பல நேரங்களில் வலிக்காது. துளித்துளியாக ரத்தம் கசியும், அவ்வளவுதான். 14 இருந்தவருக்கு 10 ஆகும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். வயசாகிவிட்டது என்று அவரே சொல்லிக்கொள்வார். இரும்புச் சத்து மாத்திரை கொடுப்பார்கள், கொஞ்சம் ஏறும். அந்த மாத்திரையால் மலம் கறுப்பாகப் போகும் என்பதால், ரத்தம் கசிந்து கறுப்பாகப் போவதும் அதோடு மறைந்துவிடும். நாள்கள் ஓடிவிடும். தொடக்கத்தில் கண்டுபிடித்த இரைப்பைப் புற்றுக்கும் பரவிய பின் கண்டுபிடித்ததற்கும் உள்ள வித்தியாசம், மேலே சொன்ன எந்த விகிதத்தாலும் உண்டாகிற வித்தியாசத்தைவிடப் பெரிது.

ஆகவே உங்கள் வீட்டில் ஐம்பதைத் தாண்டிய ஆணுக்கோ மாதவிடாய் நின்றுவிட்ட பெண்ணுக்கோ இரும்புச் சத்துக் குறைந்து ரத்தசோகை என்று ரிப்போர்ட் வந்தால், மாத்திரையை வாங்கிக்கொண்டு அதோடு திரும்பிவிடாதீர்கள். ரத்தம் எங்கே போகிறது என்று டாக்டரிடம் கேளுங்கள். இரைப்பைக்கும் பெருங்குடலுக்கும் எண்டோஸ்கோப்பி பார்த்துவிடச் சொல்லுங்கள். இரைப்பைக்குப் பார்க்கச் சில நிமிடங்கள்தான் ஆகும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் அந்த வசதி இருக்கிறது. பயந்துகொண்டு தள்ளிப்போடாமல் இந்த வாரமே கூட்டிப்போங்கள்.